சொல்லித்தராத ஒன்றுக்கு மதிப்பெண் போடலாமா?

பள்ளியில் ஓவியத்துக்கு இடப்படும் மதிப்பெண் உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வியை ஓவிய ஆசிரியர்களாகிய நாங்கள் எங்களுக்குள்கூட அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. கணக்குப் பாடத்தில் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுத்த பிறகுதான் பின்னக் கூட்டலில் தேர்வு வைக்கிறார்கள். ஓவிய வகுப்பில் பெரும்பாலும் நடப்பது வேறு. ‘மழைக்காலக் காட்சி’ என்று கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதப்படுகிறது, மாணவர்கள் வரைகிறார்கள், மணி அடித்ததும் தாள்கள் வாங்கப்பட்டு, ஒருவருக்குப் பத்துக்கு எட்டு, மற்றொருவருக்குப் பத்துக்கு ஐந்து என்று மதிப்பெண் இடப்படுகிறது. அந்த எட்டுக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் வகுப்பறை தந்தது எவ்வளவு, மாணவர் வகுப்பறைக்கு வரும்போதே கையோடு கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், முதல் பங்கு மிகச் சிறியதாகவே இருக்கும். சிறு வயதிலிருந்தே தாளும் வண்ணமும் கிடைத்த குழந்தையும், விரல்களின் கட்டுப்பாடு சற்று முன்னதாகவே கைவந்த குழந்தையும், தனிப்பயிற்சிக்குச் செல்லும் குழந்தையும் எட்டு வாங்குகிறார்கள். ஐந்து வாங்கிய குழந்தை, தனக்கு வரையவராது என்பதை ஆசிரியரே எழுத்தில் உறுதிசெய்துவிட்டதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

ஓவியத்தை மதிப்பிடவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. முடிவு ஏற்புடையதாக இல்லை. மதிப்பிடப்படாத பாடம் பள்ளியில் மெல்ல மெல்லப் பாடமாகவே இல்லாமல் போய்விடுகிறது. அதன் பாடவேளை பிற பாடங்களின் திருப்புதலுக்குப் போகிறது. எனவே ஓவியத்தை மதிப்பிடத்தான் வேண்டும். ஆனால் கற்பித்ததை மட்டுமே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு விதியை ஏற்றுக்கொண்டால், மதிப்பிடும் முறையோடு கற்பிக்கும் முறையும் மாறியாக வேண்டும். ஏனென்றால், இந்த மாதம் நான் எதைக் கற்றுக்கொடுத்தேன் என்ற கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இருந்தால்தான் எதற்கு மதிப்பெண் தருகிறேன் என்ற கேள்விக்கும் பதில் இருக்கும்.

ஓவியத்தில் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது, அது பிறவியிலேயே வருவதுதானே என்ற எண்ணம் ஆசிரியர்களிடையேகூட ஆழமாக வேரூன்றியிருப்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வரைவதில் கையைவிட முதலில் பழக வேண்டியது கண். 1972ஆம் ஆண்டு ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இரு ஆய்வாளர்கள் 5 முதல் 9 வயதுவரையிலான குழந்தைகளின் முன் ஒரு கோப்பையை வைத்து, கண்ணுக்குத் தெரிவதை வரையச் சொன்னார்கள். கோப்பையின் கைப்பிடி பின்பக்கமாகத் திருப்பி மறைக்கப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் ஒரு பூ ஒட்டப்பட்டிருந்தது. சிறு குழந்தைகளில் பலர் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 8 வயதுக்கு மேற்பட்டவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டுப் பூவை வரைந்தார்கள். குழந்தை தான் பார்ப்பதைவிடத் தனக்குத் தெரிந்ததையே முதலில் வரைகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1920களிலேயே விளக்கியிருந்தார். கோப்பை என்றால் கைப்பிடி இருக்கும் என்று குழந்தைக்குத் தெரியும், ஆகவே வரைகிறது. அந்த வயதில் அது பிழையன்று, அறிவின் ஒரு வடிவம். ஆறு வயதுக் குழந்தையின் படத்தில் மேசையின் நான்கு கால்களும் நான்கு திசைகளில் விரிந்து கிடப்பதைக் கண்டு மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர், அந்தக் குழந்தையின் வயதுக்காகத் தண்டனை தருகிறார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பத்து, பதினொரு வயதில் நிலைமை மாறுகிறது. கண்ணுக்குத் தெரிவதைத் தெரிந்தபடி வரைய வேண்டும் என்ற ஆசை அப்போது தீவிரமாகிறது. அதற்கான வழி தெரியாததால் எரிச்சலும் அதே அளவுக்கு வளர்கிறது. பெரும்பாலானோர் வரைவதை நிறுத்திவிடும் வயது இதுதான். கற்பித்தல் மிகவும் தேவைப்படும் இந்தக் கட்டத்தில், திறமை இருப்பவர்கள் தொடரட்டும் என்று நாம் கைவிட்டுவிடுகிறோம். ஒரு எளிய பயிற்சியைச் சொல்கிறேன். மேசையின் மேல் ஒரு நாற்காலியை ஏற்றி வைத்து, நாற்காலியை வரைய வேண்டாம், அதன் கால்களுக்கும் சட்டங்களுக்கும் இடையில் தெரியும் வெற்று இடங்களின் வடிவங்களை மட்டும் வரையுங்கள் என்று சொல்வேன். நாற்காலி எப்படி இருக்கும் என்பது மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். கால்கள் நான்கும் ஒரே நீளம், இருக்கை சதுரம் என்ற அந்த அறிவு கண்ணை மறைக்கிறது. இடைவெளிக்கு அப்படி ஒரு முன்னறிவு கிடையாது. ஆகவே அதை உற்றுப் பார்த்தே வரைய முடியும். ஒவ்வொரு வெற்றிடத்தையும் அதன் அண்டை வெற்றிடத்தோடு ஒப்பிட்டு வரைந்து முடிக்கும்போது, தாளின் நடுவே ஏறக்குறைய சரியான ஒரு நாற்காலி தானாகவே வந்து நிற்கிறது. வரையவராது என்று பின்வரிசையில் ஒதுங்கியிருந்த பிள்ளைகளின் முகம் அப்போது மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பயிற்சியைக் கற்பித்த பிறகு, அடுத்த வாரம் ஒரு மிதிவண்டியை நிறுத்தி வைத்து, இடைவெளிகளைக் கவனித்து வரைந்திருக்கிறார்களா என்று நான் மதிப்பிடலாம். கற்பித்தேன் என்பதால் அதற்கு எனக்கு உரிமை உண்டு.

வண்ணமும் அப்படித்தான். பாரிஸில் உள்ள கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அந்த நூலுக்கு அருகில் நெய்யப்பட்ட வண்ணங்களால்தான் அது மங்கித் தோன்றுகிறது என்று கண்டறிந்தார். 1839இல் அதை விரிவாக வெளியிட்டார். ஒரு வண்ணம் எப்படித் தோன்றும் என்பதை அதன் அண்டை வண்ணம் தீர்மானிக்கிறது என்ற இந்தச் செய்தியை, ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றைக் கறுப்பின் மேலும் மற்றொன்றை வெள்ளையின் மேலும் ஒட்டச் செய்தால் எட்டாம் வகுப்பு மாணவர் எவரும் கண்ணாரக் கண்டுகொள்வார். அதற்குப் பிறகு, வெளிச்சமான ஒரு சன்னலை வரையும் மாணவர், மேலும் மேலும் மஞ்சளை அப்பாமல் சுற்றியுள்ள சுவரை இருட்டாக்குகிறாரா என்று பார்க்கலாம். மதிப்பிடத்தக்க கற்றல் என்பது இப்படிப்பட்டது.

வண்ணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்கள், பெண்களைவிட ஆண்களிடையே மிக அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு அது உண்டு. பல குழந்தைகளுக்கு அது இருப்பது அவர்களுக்கோ பெற்றோருக்கோ தெரிந்திருப்பதில்லை. மரத்தின் தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டிய மாணவரின் தாளில் சிவப்பு மையால் வட்டமிடுவதற்கு முன் ஓவிய ஆசிரியர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வண்ணக்குச்சிகளின் மேல் நிறத்தின் பெயரை ஒட்டி வைத்தாலே அந்த மாணவரின் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

கற்பித்தல் பற்றிய பழைய சண்டை ஒன்று இன்றும் நம் வகுப்பறைகளில் ஓயவில்லை. 1870ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பொதுப்பள்ளிகளில் வரைதலைக் கட்டாயமாக்கியபோது, தொழிற்சாலைகளுக்குத் துல்லியமாக வரையத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே பார்த்து வரைதலும் வடிவியல் வரைதலுமே பாடமாயின. அதற்கு நேர்மாறாக, வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் நடத்திய சிறுவர் ஓவிய வகுப்பு, குழந்தையின் இயல்பான வெளிப்பாட்டைப் பெரியவர்களின் பாணி தீண்டாமல் வளரவிட வேண்டும் என்றது. முதல் வழி சென்றால் மாணவரின் மனம் விடுபட்டுப்போகிறது. இரண்டாம் வழியைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆசிரியரே விடுபட்டுப்போகிறார். ‘விருப்பம்போல் வரையுங்கள்’ என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு மதிப்பெண் போடும் வழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. சிசெக் விரும்பியது அதுவன்று.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். முடிந்த படத்தை மட்டும் பார்த்து மாணவர் என்ன கற்றார் என்று அறிய முடியாது. பிக்காசோ 1937இல் ‘குவெர்னிகா’ என்ற ஓவியத்தை வரைந்தபோது, அந்தப் பெருந்திரை வளர்ந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஒளிப்படக் கலைஞர் டோரா மார் ஒளிப்படம் எடுத்து வைத்தார். தொடக்கக் கட்டங்களில் விழுந்து கிடக்கும் வீரனின் கை உயர்ந்து, விரல்களை இறுக மடக்கி நிற்கிறது. பிறகு அது மறைந்துவிடுகிறது. அந்த ஒளிப்படங்களை வரிசையாக மாணவர்களுக்குக் காட்டும்போது, பெரிய ஓவியர் முதல் முயற்சியிலேயே சரியாக வரைந்துவிடுவார் என்ற அவர்களுடைய நம்பிக்கை உடைகிறது; அந்தக் கையை ஏன் எடுத்திருப்பார் என்ற விவாதம் வகுப்பில் தொடங்கிவிடுகிறது. ஓவியத்தில் சிந்தனை நடக்கும் இடம் இந்த மாற்றங்கள்தான். அப்படியானால் மாணவரின் மாற்றங்களையும் நாம் பார்த்தாக வேண்டும்.

ஆகவே, என் வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரைவேடு உண்டு. அதில் எதையும் கிழிக்கக் கூடாது, முடிந்தவரை அழிக்கவும் கூடாது. இந்த எண்ணம் எனக்குச் சொந்தமானதன்று. 1967இல் ஹார்வர்டில் தொடங்கப்பட்ட ‘புராஜெக்ட் சீரோ’ என்ற ஆய்வுக்குழு, 1980களில் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளுடன் சேர்ந்து நடத்திய திட்டத்தில், சிறந்த படங்களின் தொகுப்புக்குப் பதிலாக முதல் கோடு முதல் கடைசித் தாள்வரை எல்லாவற்றையும் சேர்க்கும் தொகுப்பை மதிப்பீட்டின் அடிப்படையாக்கியது. ‘இன்டர்நேஷனல் பேக்கலரேட்’ (ஐ.பி.) என்ற சர்வதேசப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2014இல் கற்பிக்கத் தொடங்கப்பட்ட காட்சிக்கலைப் பாடத்திட்டத்திலும், படைப்பு உருவான வழியைக் காட்டும் தொகுப்புக்கு 40 விழுக்காடு, காட்சிக்கு வைக்கும் முடிந்த படைப்புகளுக்கு 40 விழுக்காடு, கலைப்படைப்புகளை ஒப்பிட்டு ஆராயும் பகுதிக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. வழிக்கும் முடிவுக்கும் சம எடை தருவது நடைமுறையில் முடியாத கனவு என்று சொல்பவர்களுக்கு இதைச் சுட்டிக்காட்டலாம்.

வரைவேட்டில் நான் எதைப் பார்க்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நெரிசலான ஒரு பேருந்து நிறுத்தத்தை வரையும் பணியில், தாளில் உருவங்களை எங்கே எப்படி அமைப்பது என்பதே நான் கற்பித்த பாடம். ஒரு மாணவி மிகச் சுத்தமான படம் ஒன்றைக் கொடுத்தாள். பேருந்து நடுவில், மனிதர்கள் இருபுறமும் ஒரே உயரத்தில், வண்ணம் கோட்டை எங்கும் தாண்டவில்லை. அவளுடைய வரைவேட்டில் அந்தப் பணிக்கென்று ஒரு கோடுகூட இல்லை. மற்றொரு மாணவனின் படத்தில் வண்ணம் வழிந்து, தாள் சில இடங்களில் நைந்திருந்தது. ஆனால் அவனுடைய வரைவேட்டில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் அதே காட்சி நான்கு விதமாக இருந்தது: முதலில் பேருந்து முழுதாக, பிறகு பாதியாக, பிறகு அதன் படிக்கட்டு மட்டும், கடைசியில் படிக்கட்டை நோக்கி நீளும் கைகள் மட்டும். நெரிசலைக் காட்ட முழுப் பேருந்து தேவையில்லை என்று அவன் தானே கண்டுபிடித்திருக்கிறான். அமைப்பு என்ற பாடத்தை அவன்தான் கற்றிருக்கிறான், அதிக மதிப்பெண்ணும் அவனுக்குத்தான். அந்த மாணவியிடம் உள்ள கைத்திறனை நான் பாராட்டினேன். அடுத்த பணியில் வண்ணத்தை எடுப்பதற்கு முன் மூன்று சிறு வரைவுகளையாவது காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சுத்தம் என்பது கற்பிக்கப்பட்ட பாடமாக இருந்தால் தவிர, சுத்தத்துக்கு மதிப்பெண் தருவதில் எனக்கு உடன்பாடில்லை.

பல பள்ளிகள் இப்போது மதிப்பீட்டு அட்டவணைகளை வைத்திருக்கின்றன: படைப்பாற்றல் 5, வண்ணப் பயன்பாடு 5, நேர்த்தி 5 என்று. அட்டவணை இருப்பது நல்லதுதான். மாணவருக்கு அது முன்கூட்டியே தெரியும் என்றால் இன்னும் நல்லது. சிக்கல் அந்தச் சொற்களில் இருக்கிறது. ‘படைப்பாற்றல்’ என்ற கட்டத்தில் நான்குக்கும் ஐந்துக்கும் என்ன வேறுபாடு என்று இரண்டு ஆசிரியர்களைத் தனித்தனியே கேட்டால் இரண்டு பதில்கள் வரும். அதற்குப் பதிலாக, ‘குறைந்தது மூன்று அமைப்புகளை முயன்று, ஒன்றைத் தேர்ந்ததற்குக் காரணம் காட்டுகிறார்’ என்று எழுதினால் மாணவருக்கும் புரியும், ஆசிரியருக்கும் கை நடுங்காது.

அதற்காக, படைப்பாற்றலைப் பற்றிப் பொதுவான தீர்ப்புக்கு இடமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். உளவியலாளர் தெரேசா அமபீல் 1982இல் வெளியிட்ட ஆய்வுகளில், சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த படங்களை, துறை அறிந்த பலர் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல் தத்தம் பார்வையில் மதிப்பிட்டபோது, அவர்களுடைய தீர்ப்புகள் பெரிதும் ஒத்துப்போயின. பழகிய கண்கள் பலவற்றின் தீர்ப்பு நம்பத்தக்கது என்றே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஆசிரியர் களைத்துப்போன ஒரு மாலையில் ஒரு வகுப்பின் எல்லாத் தாள்களுக்கும் தனியே மதிப்பெண் இடுவதைவிட, இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து, இரண்டிரண்டு தொகுப்புகளாக எடுத்து இவற்றில் எது மேலானது என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டே போவது பல இடங்களில் நியாயமான வரிசையைத் தரும். இப்படி இணை இணையாக ஒப்பிட்டு அளவுகோல் அமைப்பதற்கான கோட்பாட்டை உளவியலாளர் தர்ஸ்டன் 1927இலேயே வகுத்துவிட்டார்.

அதே அமபீலின் ஆய்வு ஒன்றில் இன்னொரு செய்தி உண்டு. பரிசுக்குப் போட்டியிட்ட சிறுமிகளின் படங்கள், போட்டியில்லாமல் செய்தவர்களின் படங்களைவிடப் படைப்பாற்றலில் குறைவாகவே மதிப்பிடப்பட்டன. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு இதைவிடக் கவலை தருவது. வண்ணப்பேனாவால் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து, எந்தப் பரிசும் இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. ஓவியப் போட்டிகளையே பாடத்தின் உச்சமாகக் கருதும் பள்ளிகள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஓவியத்தைப் பற்றியதன்று. ஆயினும் எங்களுக்கு நேராகப் பொருந்துவது. மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு அவர்கள் செய்ததைப் பற்றிய குறிப்பை மட்டும் எழுதித் தந்தார்கள், மற்றொரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். குறிப்பை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை என்பதை ஆசிரியர் எவரும் அனுபவத்தில் அறிவார். அதனால் பருவத்தின் நடுவில் வரைவேடுகளில் நான் எண்களை எழுதுவதே இல்லை. எழுதும் குறிப்பும் ‘அருமை’, ‘இன்னும் முயற்சி செய்’ என்ற வகையில் இருந்தால் பயனில்லை, ‘இடப்பக்க மரத்தின் நிழலும் வலப்பக்க வீட்டின் நிழலும் எதிரெதிர்த் திசையில் விழுகின்றன, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுப் பார்’ என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

படங்களைப் பற்றிப் பேசக் கற்பதும் பாடத்தின் பகுதியே. கலைக்கல்வி அறிஞர் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகளான விவரித்தல், பகுத்தாய்தல், பொருள்காணல், தீர்ப்புரைத்தல் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பழக்குவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதை முதலில் சொல்லாமல், என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கும் பொறுமை மாணவர்களுக்கு வருகிறது. சக மாணவரின் படத்தைச் சுவரில் மாட்டிப் பேசும்போதும் யாரும் புண்படுவதில்லை. ஆனால் இங்கும் என் விதி எச்சரிக்கிறது. தன் படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போட்டால், நாம் அளப்பது மொழித்திறனாகிவிடும். எழுத்தில் தயங்கும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு ஓர் ஆறுதலாக இருக்கிறது. அங்கும் கட்டுரை எழுதச் சொல்லி அவர்களைத் தோற்கடிப்பது நியாயமன்று. அப்படிப்பட்டவர்களிடம் நான் பக்கத்தில் அமர்ந்து, இந்த இடத்தை ஏன் மாற்றினாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். விரலால் சுட்டிக்காட்டி அரைகுறையாகச் சொன்னாலும் போதும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில், வாரத்துக்கு ஒரே பாடவேளையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பது நியாயமானதே. ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோரையும் பார்க்க முயன்றால் நடக்காது. ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு பேரை மட்டும் தேர்ந்து, அவர்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே அருகில் நின்று கவனித்து, பெயருக்கு நேராக ஒரு வரி எழுதிக்கொண்டால், ஒரு பருவத்துக்குள் எல்லோரையும் ஒரு சுற்றாவது பார்த்துவிடலாம். கவனிக்க வேண்டியது அந்த மாதம் கற்பித்த ஒன்றை மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்வதுதான் ஆசிரியரைச் சோர்வடையச் செய்கிறது. பருவத்தின் இறுதியில் மாணவரே தன் வரைவேட்டிலிருந்து இரண்டு பக்கங்களைத் தேர்ந்து, முன்னதற்கும் பின்னதற்கும் இடையில் தான் கற்றுக்கொண்டதைக் காட்ட வேண்டும். மதிப்பெண் அதற்குப் பிறகே வருகிறது. பெரும்பாலும் மாணவர் தனக்குத் தானே தரும் மதிப்பெண்ணுக்கும் நான் தருவதற்கும் அதிக வேறுபாடு இருப்பதில்லை.

பள்ளி நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. முன்னேற்ற அறிக்கையில் ஓவியத்துக்கு ஓர் எண்ணையோ எழுத்தையோ எழுதும் அளவுக்குத்தான் இப்போது இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுத இடம் வேண்டும்: இந்தப் பருவத்தில் கற்பித்தது என்ன என்று ஒரு வரி, அதில் இந்த மாணவர் எதுவரை வந்திருக்கிறார் என்று ஒரு வரி. முதல் வரியை எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக அச்சிட்டுவிடலாம். இரண்டாவதை எழுத எங்களுக்குக் கூடுதலாகச் சில மணிநேரம் தேவைப்படும், அந்த நேரத்தை நிர்வாகம் பாடவேளை அட்டவணைக்குள்ளேயே ஒதுக்கித் தர வேண்டும்.